கச்சேரி வேண்டாம்... கோஷ்டி வேண்டும்!

உங்கள் உறவிலோ, பக்கத்து ஃபிளாட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். மூன்று வயதாகியும் 'அம்மா' என்று கூப்பிடாது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காது. ஆனால் டி.வி.யில் அந்தக் குறிப்பிட்ட சோப்பு விளம்பரம் வந்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவரும். விளம்பரப் பாட்டை அதே சுருதியில், ஓர் இடம் பிசகாமல் முணுமுணுக்கும். மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடினால் அதன் ரீங்காரத்தைப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்...' என்று கூடவே இழுக்கும்.

மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்து வீடுகளில் அடுத்து என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். கொலுவுக்கு வந்த மாமி ஒருவர் தாம்பூலம் வாங்கிக்கொண்டே, "இத்தனை ஞானம் இருக்கே... பேசாம பாட்டு கிளாஸ்ல சேர்த்துடுங்கோ. பேச்சு தன்னால வந்துடும்" என்பார். இன்னொருவர் சும்மா இருப்பாரா? "யார் கண்டா, நாளைக்கு அகாடமியில கச்சேரியே பண்ணுவான்!"

இரண்டும் அன்பினால் சொல்லப்படுவதுதான். ஆனால் அந்தத் தாயின் தலையில் இரண்டு மூட்டைகள் ஏறிவிடுகின்றன. ஒன்று, சங்கீதம் பிள்ளையைக் குணப்படுத்த வேண்டும். இல்லையென்றால் பிள்ளை மேதையாகிவிட வேண்டும். இரண்டுமே நடக்காவிட்டால், வாங்கிய கீபோர்டு பரண் மேல் போய்விடும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. நாலு பேரோடு சேர்ந்து வாசிப்பது. அதையே வேலையாக, சிநேகமாக, வாழ்க்கையாக அமைத்துக்கொண்ட ஆட்டிசக்காரர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் நடத்துவது என்ன தெரியுமோ? ராக் பேண்ட்!

அதற்குமுன், அந்த இரண்டு மூட்டைகளையும் இறக்கி வைத்துவிடுவோம்.

பாட்டு மருந்தா?

ஆட்டிசம் என்பது காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோய் கிடையாது. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. பிறவியிலிருந்து வருவது, ஆயுசுக்கும் கூட இருப்பது. தமிழில் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்று ஒரு பெயர் வழக்கில் உண்டு. என்னைக் கேட்டால் இதைவிடத் தப்பான பெயர் இருக்க முடியாது. பல ஆட்டிசப் பிள்ளைகளுக்குப் புற உலகம் கொஞ்சமாக அல்ல, அளவுக்கு மீறி உள்ளே வந்து மோதுகிறது. குக்கர் விசில், டியூப் லைட்டின் மினுக்கல், சட்டைக் காலரில் உறுத்தும் லேபிள் என்று எல்லாமே ஒரே நேரத்தில்.

இசை சிகிச்சை இதை மாற்றுமா என்று பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். 9 நாடுகளில், 4 முதல் 7 வயதுவரை உள்ள 364 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்த்தால், இசை சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கும் பெறாதவர்களுக்கும் ஆட்டிசத்தின் முக்கிய அறிகுறிகளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2022-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 26 ஆய்வுகளை, மொத்தம் 1165 பேரின் விவரங்களை, ஒன்றாக வைத்து அலசியது. பொதுவான முன்னேற்றத்துக்கும், வாழ்க்கை கொஞ்சம் சுலபமாவதற்கும் இசை உதவக்கூடும் என்றது. பேச்சு, பழகும் திறன் இவற்றில் மட்டும் தெளிவான பலன் தெரியவில்லை.

ஆகவே, 'பாட்டு கிளாஸ் போனால் பேச்சு வந்துடும்' என்று யாராவது மாதம் ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கேட்டால், உஷார்! பேச்சுப் பயிற்சி வேறு, பாட்டு வேறு. பாட்டுக்காக ஸ்பீச் தெரபியை நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளை மேதையா?

இந்த எண்ணத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆட்டிசம் என்ற நிலையை 1943-ல் மருத்துவ உலகத்துக்கு விளக்கமாக எழுதியவர் லியோ கேனர். அவர் பட்டியலிட்ட 11 குழந்தைகளில் முதல் பையன் டொனால்ட். ஒரு வயதிலேயே பல பாட்டுகளைச் சுருதி பிசகாமல் பாடினானாம். பையனைப் பற்றி அவன் அப்பா டைப் அடித்து அனுப்பிய கடிதம் 33 பக்கம்! (எந்த ஊரானாலும் அப்பாக்கள் அப்பாக்கள்தான்.) அதே டொனால்ட் டிரிப்லெட், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சொந்த ஊர் பேங்கில் பல காலம் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, 2023-ல் காலமானார்.

இங்கிலாந்தில் பமீலா ஹீட்டனும் அவருடைய சகாக்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மிருகத்தின் படத்தை ஜோடி சேர்த்துக் காட்டினார்கள். பிறகு சுரத்தை மட்டும் ஒலிக்கவிட்டு, 'இது எந்த மிருகம்?' என்று கேட்டார்கள். சங்கீதமே கற்றுக்கொள்ளாத ஆட்டிசப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடச் சரியாகச் சொன்னார்கள். சுரத்துக்குப் பதில் பேச்சு ஒலியை வைத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

சுருதியைப் பிடிக்கும் காது பலரிடம் கூர்மையாக இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் எல்லா ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டு என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. தவிர, கூர்மையான காது இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையை சபா மேடையில் தனியாக உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் பாடு என்பது நியாயமா? உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவதும், கையை உதறுவதும் பல ஆட்டிசக்காரர்களுக்கு மனசை நிதானப்படுத்திக்கொள்ளும் வழி. சபாவில் இதைச் செய்தால் முதல் வரிசை திரும்பிப் பார்க்கும். ராக் மேடையிலோ உடம்பை ஆட்டாதவன்தான் விசித்திரப் பிறவி!

87 வினாடிப் பாட்டு

2015 மே 19. ஆஸ்திரியாவின் வியன்னா நகரம். யூரோவிஷன் என்ற பாட்டுப் போட்டி. ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கு ஒரு பாட்டு அனுப்பும்; கோடிக்கணக்கான பேர் டி.வி.யில் பார்ப்பார்கள். நம்ம ஊர் டி.வி. பாட்டுப் போட்டிகளுக்கெல்லாம் பெரியண்ணன்.

பின்லாந்து சார்பாக மேடை ஏறியவர்கள் நான்கு பேர். உள்நாட்டுப் போட்டியில் ஜெயித்து வந்தவர்கள். இளவட்டங்கள் என்று பார்த்தால் இல்லை. கிதார்காரருக்கு அப்போது 58 வயது! பெர்த்தி குரிக்கா கிதார், கரி ஆல்ட்டோ பாட்டு, சாமி ஹெல்லே பேஸ் கிதார், டோனி வாலிதாலோ டிரம்ஸ். டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளோடு வாழ்கிறவர்கள். பேண்டின் பெயருக்கு அர்த்தம், 'பெர்த்தி குரிக்காவின் பெயர் நாள்'. நமக்கு ஜென்ம நட்சத்திரம் மாதிரி, அந்த ஊர் காலண்டரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு.

அவர்கள் வாசித்தது பங்க் ராக். ஒரே இரைச்சல். பாட்டு 1 நிமிஷம் 27 வினாடியில் முடிந்துவிட்டது. அந்தப் போட்டியின் சரித்திரத்திலேயே மிகச் சின்னப் பாட்டு. அரை இறுதியில் 16 நாடுகளில் கடைசி இடம்!

அந்தப் பாட்டு எதைப் பற்றி? இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தினமும் தனக்குச் சொல்லப்படும் கட்டளைகளின் பட்டியல் அது. வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும். இனிப்பு கூடாது, சோடா கூடாது, கம்ப்யூட்டர் கூடாது, சிநேகிதர்களைப் பார்க்கக் கூடாது.

ஆட்டிசம் உள்ள இருபது வயதுப் பிள்ளை இருக்கிற அடையாறு வீடு ஒன்றில் காலையிலிருந்து ராத்திரிவரை கேட்கிற வார்த்தைகளும் இவைதானே? அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். ஆனால் 'எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது' என்று சொல்ல அந்தப் பையனுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறதா? பேச்சில் சொல்ல வராததை இந்த நான்கு பேரும் கத்திச் சொன்னார்கள். அதற்கு நாட்டையே ஆட வைத்தார்கள்.

இவர்கள் சேர்ந்தது 2009-ல், ஹெல்சிங்கி நகரில், வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான ஒரு பட்டறையில். நம் ஊரில் இப்படிப்பட்ட இடங்களில் மெழுகுவர்த்தியும் காகிதக் கவரும் செய்யச் சொல்லிக்கொடுப்போம் இல்லையா? அங்கே இசைக்கும் ஓர் அறை இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். 2012-ல் இவர்களைப் பற்றி ஒரு டாக்குமெண்டரிப் படம் வந்தது. ரிக்கார்டிங்கில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள், வெளியூர் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், அழுகிறார்கள், காதலிக்கிறார்கள். 'ஐயோ பாவம்' என்று சொல்ல இடமே கொடுக்காத படம்.

2016 டிசம்பரில் பெர்த்தி குரிக்காவுக்கு 60 வயது நிறைந்தது. ரிடையர் ஆகிறேன் என்று சொல்லிவிட்டார். கடைசிக் கச்சேரி வாசித்தார்கள், பேண்டைக் கலைத்தார்கள். நம் தமிழ்நாட்டு சர்க்கார் உத்தியோகஸ்தர் மாதிரியே!

மிக்ஸி ஆகாது, டிரம்ஸ் ஆகுமா?

"என் பையன் மிக்ஸி போட்டாலே காதைப் பொத்திண்டு அலறறான். அவனைப் போய் ராக் பேண்ட்ல விடச் சொல்றீங்களே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

மிக்ஸி எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று பிள்ளைக்குத் தெரியாது. அது வேறு யாரோ போடுகிற சத்தம். டிரம்ஸ் குச்சி அவன் கையில் இருக்கிறது. அடித்தால்தான் சத்தம், எப்போது வரும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். எதிர்பாராத சத்தத்தைத் தாங்காத பல பிள்ளைகள், தானே உண்டாக்கும் சத்தத்தைத் தாங்கிக்கொள்வது இதனால்தான். (எல்லோருக்கும் அல்ல. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.)

இன்னொரு விஷயம், காலப்பிரமாணம். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எப்போது வாயைத் திறப்பது, எப்போது நிறுத்துவது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு ஊகிக்கிறோம். ஆட்டிசக்காரர்களுக்கு அந்த ஊகம்தான் கஷ்டம். பேச்சில் யாராவது 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' சொல்லி ஆரம்பிக்கிறார்களா? பேண்டில் சொல்கிறார்கள்! எந்த இடத்தில் நீ நுழைய வேண்டும், எத்தனை தாளவட்டம் காத்திருக்க வேண்டும், எங்கே எல்லோரும் ஒன்றாக நிறுத்த வேண்டும், எல்லாம் முன்கூட்டியே முடிவானது. ஒருவரையொருவர் கவனிப்பதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்த வேண்டியதில்லை. டிரம்மரின் கையைப் பார்த்தால் போதும்.

இப்படி இயங்கும் குழுக்கள் வேறு ஊர்களிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2006-ல் தொடங்கிய 'ரூட்லி இன்டரப்டட்' குழுவின் பாடகர் பார்வையற்றவர், ஆட்டிச வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலை உள்ளவர். 2008-ல் நியூயார்க் போய் ஐ.நா. சபையிலேயே வாசித்தார்கள். லண்டனில் 2010-ல் 'தி ஆட்டிஸ்டிக்ஸ்' உருவானது. கனடாவின் டொரான்டோவில் 'ஏ.எஸ்.டி. பேண்ட்', நான்கு பேருமே ஆட்டிசம் உள்ளவர்கள். மற்றவர்களின் பாட்டுகளை வாசித்துப் பழகி, பிறகு சொந்தப் பாட்டுகள் எழுதினார்கள். 2022-ல் அவர்களைப் பற்றியும் ஒரு படம் வந்தது.

இந்தப் பேண்ட்கள் தானாக முளைத்துவிடவில்லை. பக்கத்திலேயே பொறுமையுள்ள ஒரு இசைக்காரர் இருப்பார். அவர் டீச்சர் மாதிரி நிற்காமல், கூட வாசிப்பார். பின்னால் பெற்றோரோ, ஊழியரோ வண்டி ஏற்பாடு முதல் சாப்பாடுவரை பார்த்துக்கொள்வார்கள். வாரா வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே அறை. என்ன பாட்டு, எந்த வரிசை என்பது பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும். மேடை புதிது என்றால் முந்தின நாளே கூட்டிப்போய், லைட்டைப் போட்டுக் காட்டி, மைக்கில் பேசவைத்துப் பழக்க வேண்டும். மைக் 'கீ...'ச்சென்று கத்துமே, அதற்குத் தயாராகக் காதில் சத்தத்தடுப்பான் இருக்க வேண்டும். கச்சேரி முடிந்த மறுநாள் ஒரு வேலையும் வைக்கக் கூடாது. சந்தோஷமாக வாசித்தவர்கூட வீட்டுக்கு வந்ததும் களைத்துப்போய், பேச்சே இல்லாமல் படுத்துவிடலாம். அது அடமல்ல, அசதி.

பதினெட்டுக்கு அப்புறம்

சென்னையில் சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு ஓரளவு வழி இருக்கிறது. கோட்டூர்புரம் வித்யா சாகர் 1985-லேயே ஆரம்பித்தது. நடனக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர் 1989-ல் தொடங்கிய 'ராசா' அமைப்பு பாட்டு, நடனம், நாடகத்தை வைத்தே சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. 2001-ல் வந்தது வி-எக்செல். ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில், பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. சட்டமும் மாறியிருக்கிறது. 1995-ம் வருஷச் சட்டத்தில் இருந்த 7 ஊனங்களில் ஆட்டிசம் கிடையாது. 2016-ம் வருஷச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் சேர்த்தது. 1999-ம் வருஷ நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, 18 வயது தாண்டிய பிள்ளைக்குச் சட்டபூர்வ பாதுகாவலரை நியமிக்கக் கலெக்டர் தலைமையில் கமிட்டி இருக்கிறது. 'நிராமயா' என்ற ஒரு லட்ச ரூபாய் மருத்துவ இன்ஷூரன்ஸும் அதே டிரஸ்ட் தருவதுதான். இவற்றை இன்னும் செய்து வைக்கவில்லை என்றால் முதலில் செய்துவிடுங்கள்.

ஆனால் ஸ்பெஷல் ஸ்கூல் முடிந்த பிறகு? காலையில் எழுந்து, டிபன் சாப்பிட்டு, போகிற இடம் என்று ஒன்று பல பிள்ளைகளுக்கு இல்லை. அப்பாவுக்கு அறுபத்தைந்து, அம்மாவுக்கு முழங்கால் வலி. "எங்களுக்கு அப்புறம் யார்?" என்கிற கேள்விக்குக் காப்பாளரும் இன்ஷூரன்ஸும் பாதிப் பதில்தான். 'வியாழக்கிழமை வரலையே, உடம்பு சரியில்லையா?' என்று கேட்க, அம்மா அப்பாவைத் தவிர நாலு பேர் வேண்டாமா? பேண்டில் ஒருத்தன் வராவிட்டால் பாட்டே நின்றுவிடும். அதனால் கட்டாயம் கேட்பார்கள்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. மார்கழிக் காலையில் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய பஜனை கோஷ்டி ஊரறிந்தது. கோஷ்டியில் எல்லோரும் வித்வானா என்ன? ஒருத்தர் பாடுவார், ஒருத்தர் ஜால்ரா போடுவார், ஒருத்தர் சும்மா கூட நடப்பார். யாரும் மார்க் போடுவதில்லை. கிதாரும் டிரம்ஸும்தான் வேண்டுமென்று சட்டமில்லை. கீபோர்டு, கஞ்சிரா, கடம் எது கைக்கு வருகிறதோ அது. ஆனால் பிள்ளைக்குப் பிடித்தது சினிமாக் குத்துப்பாட்டு என்றால், 'வர்ணம் கத்துக்கோ' என்று மல்லுக்கட்டாதீர்கள்.

உங்கள் தெரபி சென்டர் வாசலில் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே இன்னொரு அம்மா, அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் ஆரம்பிக்கலாம். காலேஜில் படிக்கிற, கிதார் வாசிக்கத் தெரிந்த பையனோ பெண்ணோ ஒருவர் கிடைத்தால் போதும். 'சொல்லிக்கொடுக்க வேண்டாம், கூட வாசிங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபிளாட்டில் டிரம்ஸ் அடித்தால் அசோசியேஷன் செக்ரட்டரி கதவைத் தட்டுவார். அதற்கும் வழி இருக்கிறது. ரப்பர் பேட் வைத்துப் பழகலாம், வசதி இருந்தால் ஹெட்போனோடு கூடிய எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கலாம். நிஜ டிரம்ஸ் என்றால் அறையில் இருக்கிற எல்லோருடைய காதுக்கும் தடுப்பான் அவசியம். அடைத்த அறையில் அந்தச் சத்தம் உங்கள் காதுக்கும் கெடுதல்தான்.

என்ன பாட்டு என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். பேச வராத பிள்ளை என்றால் படத்தைக் காட்டியோ, போனில் இரண்டு பாட்டைப் போட்டோ கேளுங்கள். முதல் நாள் பத்து நிமிஷம் போதும். நடுவில் ஒருத்தன் எழுந்து பால்கனிக்குப் போனால் கூப்பிடாதீர்கள். மற்றவர்கள் வாசித்துக்கொண்டே இருக்கட்டும், அவனே திரும்பி வரலாம். 'போதும்' என்று கையைக் காட்டினால் மட்டும், பாட்டு பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.